நாடகத்திலிருந்து சினிமா – கடிதம்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

கோயில் கொடைத் திருவிழாவுக்கும் மன்ற ஆண்டுவிழாவுக்கும் நாடகம் எழுதி இயக்கி வருகிறேன். ரப்பர் தோட்டத்தைப் பாகம் வைக்க உட்காரும் அண்ணன் தம்பி பற்றிய என் கடைசி நாடகத்தை இரண்டு மணி நேரப் படமாக நானே எடுக்க ஆசை. ‘வசனத்தைப் பாதியா வெட்டு, அதுதான் சினிமா’ என்கிறார்கள் கூட்டாளிகள். அண்ணன் நாலு நிமிடம் நிறுத்தாமல் பேசும் இடத்தில்தான் கைத்தட்டல் விழும். அதை வெட்ட மனம் வரவில்லை. எங்கே தொடங்குவது?

எஸ்., தக்கலை

அன்புள்ள எஸ்,

வெறுமனே வெட்டினால் மிஞ்சுவது சின்ன நாடகம்தான். மேடையில் பேசுகிறவர் மேல் கண் போகும். படத்தில் கேட்கிறவர் முகத்தில்தான் கதை நகரும். வெட்டு அதிலிருந்து தொடங்க வேண்டும்.

அந்த நாலு நிமிடத்தையே எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு வரிக்கும் எதிரே அது யாரைச் சுடுகிறது என்று எழுதுங்கள்: தம்பியையா, அடுக்களை வாசலில் நிற்கும் அம்மையையா? யாரையும் சுடாத வரி சபைக்குச் சொன்ன தகவல். மரம் எத்தனை, அப்பா எப்போது நட்டார் என்பதெல்லாம் அந்த ரகம். ஒட்டுப்பால் (மரத்தில் உறைந்து ஒட்டிய ரப்பர் பால்) சாக்கை யார் சுமக்கிறார், யார் நிழலில் நிற்கிறார் என்று முந்தைய காட்சியில் காட்டிவிட்டால் அவை தானே உதிரும். ஒன்றரை நிமிடம் மிஞ்சினால் போதும்.

எடுக்கும்போது, எல்லோரும் தெரியும் அகல ஷாட்டில் காட்சி முழுவதையும் ஓட விடுங்கள். பிறகு அண்ணனுக்குக் குளோசப். அதற்குப் பிறகு தம்பிக்கும் அம்மைக்கும் தனித்தனியாக, காட்சி முழுமைக்கும் குளோசப். புதியவர்கள் நேரத்தை மிச்சம் பிடிப்பது இங்கேதான், எடிட்டிங்கில் தலையில் கை வைப்பதும் இதனால்தான். அண்ணனாக நடிப்பவர் லென்ஸை ஒட்டி நின்று முழு வசனத்தையும் அதே வேகத்தில் சொல்ல வேண்டும். உதவி இயக்குநர் தாளைப் பார்த்து ஒப்பித்தால் அம்மையின் முகத்தில் ஒன்றும் வராது. அண்ணனையும் தம்பியையும் இணைத்து மனதில் ஒரு கோடு போட்டு, கேமராவை அதன் ஒரே பக்கத்தில் வையுங்கள். தாண்டினால் இருவரும் ஒரே திசை பார்த்துப் பேசுவதுபோல் தெரியும்.

அண்ணன் எந்தச் சொல்லில் சாயா கிளாஸை எடுக்கிறாரோ, எல்லா டேக்கிலும் அதே சொல்லில் எடுக்க வேண்டும். இதைக் குறித்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும், அந்த ஆள் நீங்களாக இருக்கக் கூடாது. கடைசி வரிசைக்குக் குரல் கொடுத்துப் பழகியவர்களிடம் செட்டில் ‘மெதுவா பேசு’ என்றால் குரல் இறங்கும், புருவம் இறங்காது. ஒத்திகையிலேயே ஒரு மேஜைக்கு இருபுறமும் உட்கார வைத்துப் பேச விடுங்கள். ஒத்திகை நாடகக்காரரின் சொத்து, அதைப் படப்பிடிப்புக்கு முன்பே செலவழித்துவிட வேண்டும்.

இனி எங்கே தொடங்குவது என்பது. நம்ம ஊர் என்.எஸ். கிருஷ்ணனும் நாடகத்திலிருந்து வந்து ‘மணமகள்’, ‘பணம்’ இயக்கியவர்தான், ஆனால் இரண்டுக்கும் எழுத்து மு. கருணாநிதி. உங்களுக்குப் பொருந்துவது கே. பாலசந்தர். 1964இல் ‘தெய்வத்தாய்’க்கு வசனம் எழுதினார். அதே ஆண்டு அவருடைய ‘சர்வர் சுந்தரம்’ கிருஷ்ணன்-பஞ்சு இயக்கத்தில் படமானது. 1965இல் தன் நாடகமான ‘நீர்க்குமிழி’யைத் தானே இயக்கினார். களம் பெரும்பாலும் ஒரு ஆஸ்பத்திரி. பிரிட்டிஷ்-ஐரிஷ் நாடக ஆசிரியர் மார்ட்டின் மெக்டொனா 1996 முதல் நாடகத்தில் பெயர் பெற்றவர். 2004இல் ‘சிக்ஸ் ஷூட்டர்’ என்ற 27 நிமிடக் குறும்படம் எடுத்தார், பெரும்பகுதி ரயிலுக்குள். அதற்கு ஆஸ்கர் கிடைத்தது. முதல் முழுநீளப் படம் ‘இன் புரூஜஸ்’ 2008இல்தான். கேமராவைப் பழகும்வரை இருவருமே இடத்தைக் கைக்குள் வைத்துக்கொண்டார்கள்.

ஆகவே இரண்டு மணி நேரத்தை ஒத்திப்போடுங்கள். பாகம் வைக்கும் காட்சியை மட்டும் பதினைந்து நிமிடப் படமாக்குங்கள். மூன்று நடிகர்கள், ஒரு வீடு, அதை ஒட்டிய தோட்டம். தோட்டத்துக் காட்சிகளைப் பிரித்துப் பிரித்து எடுக்காதீர்கள். டிசம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் ரப்பர் இலை உதிர்ந்து புதுத்தளிர் வந்துவிடும், டிசம்பரில் பாதியும் பிப்ரவரியில் பாதியும் எடுத்தால் ஒரே நாளில் நடக்கும் கதைக்கு இரண்டு தோட்டம் கிடைக்கும். ஜூனிலும் அக்டோபரிலும் மழை வழிவிடாது. திண்ணைக்கு மேல் தகர ஷீட் என்றால் தூறலே வசனத்தைத் தின்றுவிடும். ஒவ்வொரு இடத்திலும் எல்லோரையும் வாயை மூடச் சொல்லி அரை நிமிடம் வெறும் சத்தத்தைப் பதிவு செய்யுங்கள், வசன இடைவெளிகளை ஒட்டவைக்க அது வேண்டும். திருவிழா ஒலிபெருக்கி இருக்கும் வாரத்தைத் தவிர்க்க வேண்டும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, அதற்கு நாடகம் போடுவதே நீங்கள்தானே.

இன்னொன்று. படம் பார்த்துவிட்டு யாராவது நாடகத்தின் உரிமையைக் கேட்டு வருவார்கள். வாய்ப்பேச்சில் கொடுக்காதீர்கள். உரிமை மாற்றம் எழுத்தில் இருந்து, நீங்கள் கையெழுத்திட்டால்தான் சட்டப்படி செல்லும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றும், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா முழுவதும் என்றும் பதிப்புரிமைச் சட்டம் எடுத்துக்கொள்ளும். திரைப்பட உரிமையை மட்டும் எழுதிக் கொடுங்கள். மேடையேற்றும் உரிமை உங்களிடமே இருக்கும் என்று தனி வரியாகச் சேருங்கள், இல்லாவிட்டால் அடுத்த கொடைக்கு உங்கள் நாடகத்தைப் போட நீங்களே அனுமதி கேட்டு நிற்க வேண்டிவரும்.

அன்புடன்