பழைய சுருட்டுப் பெட்டிக்குப் புதிய உள்பலகை தேவையா?

கேள்வி: லண்டனில் வசிக்கிறேன். ‘விக்டோரியா காலத்து ஹியூமிடார்’ (சுருட்டு காயாமல் ஈரத்தோடு காக்கும் பெட்டி) என்ற விவரத்தோடு இணைய ஏலத்துக்கு வந்த மஹோகனிப் பெட்டியை 340 பவுண்டுக்கு வாங்கினேன். மூடியிலுள்ள ஈரமானியின் (காற்றின் ஈரப்பதத்தைச் சதவீதத்தில் காட்டும் கருவி) முள் எப்போதும் 70இல் நிற்கிறது. சுருட்டுகளோ இரண்டே வாரத்தில் காய்ந்து மேல் இலை வெடிக்கிறது. உள்ளே சிடார் பலகை மாற்ற வேண்டும், 280 பவுண்டு ஆகும் என்கிறார் விற்றவர். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள், பெட்டியையும் இப்போதைக்கு அவரிடம் ஒப்படைக்காதீர்கள். முதலில் சந்தேகப்பட வேண்டியது அந்த முள்ளைத்தான். ஒரு பாட்டில் மூடியில் சமையல் உப்பைப் போட்டு, ஈர மணல் பதத்துக்கு வரும்வரை சில சொட்டு நீர் விடுங்கள்; உப்பு கரைந்துவிடக் கூடாது. ஈரமானியைக் கழற்றி, அந்த மூடியோடு சேர்த்துக் காற்றுப் புகாத பையில் ஒரு நாள் வையுங்கள். நனைந்த உப்பு தன்னைச் சுற்றியுள்ள காற்றை ஏறக்குறைய 75 சதவீத ஈரப்பதத்தில் நிறுத்திவிடும். முள் 75ஐத் தொட்டால் கருவி சரி. அப்போதும் 70ஐ விட்டு நகராவிட்டால் அது சிக்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். நீங்கள் இவ்வளவு நாளும் நம்பிய எண்ணுக்கு மதிப்பே இல்லை. காய்கறிக் கடைத் தராசைச் சோதிக்க அதிகாரிகள் உண்டு. இந்தக் கருவிகளை யாரும் சோதிப்பதில்லை என்பதைப் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறேன்.

அடுத்தது பெட்டி. 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் சுருட்டு வைக்க அழகான பேழைகள் செய்தார்கள் என்பது உண்மை. ஆனால் கியூபாவின் ஈரக் காற்றில் சுருட்டப்பட்ட இலை, குளிர்காலத்தில் சூடேற்றிய ஐரோப்பிய அறைகளில் காய்ந்து நொறுங்குவதைத் தடுக்க, ஈரப்பதத்தை அளந்து, 65 முதல் 72 சதவீதத்துக்குள் மாதக்கணக்கில் காக்கும் மேசைப் பெட்டி என்பது 20ஆம் நூற்றாண்டில்தான் பரவியது. லண்டன் டியூக் தெருவில் 1907இல் புகையிலைக் கடை திறந்த ஆல்ஃபிரட் டன்ஹில்லும், ஜெனீவாவில் கடையின் நிலவறையையே சுருட்டுக்கேற்ற ஈரத்தில் வைத்த ஸீனோ டேவிடாஃபும் அதைப் பரப்பியவர்களில் முக்கியமானவர்கள். ஆகவே ‘விக்டோரியா ஹியூமிடார்’ என்று விற்கப்படுபவற்றில் பல, தேயிலைப் பெட்டியிலோ எழுதுபெட்டியிலோ பின்னாளில் பலகை அடித்தவை. மூடியைத் திறந்து விளிம்பைப் பாருங்கள். உள்பலகை வெளிப்பலகையைவிடச் சில மில்லிமீட்டர் உயர்ந்து நின்று மூடிக்குள் புக வேண்டும். மூடியை விட்டால் காற்று மெத்தையில் இறங்குவதுபோல் மெல்ல இறங்க வேண்டும். உங்களுடையது ‘டப்’ என்று விழுந்தால், எந்தப் பலகை வைத்தாலும் ஈரம் நிற்காது. உள்பலகையின் இடுக்கில் சாம்பல் நிறத் தகடு தெரிந்தால் சுருட்டு வைப்பதை உடனே நிறுத்துங்கள். தேயிலைப் பெட்டிகளுக்குள் ஈயம் கலந்த தகடு ஒட்டுவது வழக்கம், நீங்கள் வைப்பதோ வாயில் வைக்கும் பொருள்.

‘சிடார்’ என்ற சொல்லே ஒரு பொறி. ஹியூமிடாருக்கு உரிய ‘ஸ்பானிஷ் சிடார்’ மரம் ஸ்பெயினில் விளைவதன்று, தேவதாருவும் அன்று; அமெரிக்க வெப்பமண்டலத்தைச் சேர்ந்த, நம் வேம்பின் குடும்பத்து மரம். ஈரத்தை உறிஞ்சி, மெல்லத் திருப்பித் தரும். இடைத்தரகர்கள் அடிப்பதோ துணி அலமாரிக்குப் போடும் மணமிக்க சிவப்புச் சிடார். அதன் எண்ணெய் வாசனை இலையில் ஏறினால் திரும்ப எடுக்க முடியாது.

பித்தளைத் தகட்டில் பெரிய மனிதர் பெயர் பொறித்திருந்தால் அதற்காக ஒரு பவுண்டும் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். அமெரிக்க அதிபர் கென்னடிக்கு நகைச்சுவை நடிகர் மில்டன் பெர்ல் பரிசளித்த ஹியூமிடார் 1996இல் சதபீஸ் ஏலத்தில் 5,74,500 டாலருக்குப் போனது. அது கென்னடி குடும்பத்தின் உடைமையாகவே ஏலத்துக்கு வந்த பெட்டி. அதன் பிறகு வெறும் தகட்டைக் காட்டி விலை கேட்பவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். ஏல நிறுவனங்களோ ‘உள்ளபடியே விற்கப்படுகிறது’ என்ற ஒரு வரியில் கை கழுவிவிடுகின்றன. கமிஷன் வாங்கும் கைக்கு விவரத்தைச் சரிபார்க்கும் பொறுப்பும் இருக்க வேண்டாமா?

ஒரு விதிவிலக்கை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். உள்ளே மரத்துக்குப் பதிலாகச் செம்புத் தகடோ பால்வெள்ளைக் கண்ணாடியோ இருந்தால், அது 1920, 30களில் அமெரிக்காவில் பெருவழக்காக இருந்த அசல் வகையாக இருக்கலாம். செம்பைப் பிய்த்துப் பலகை போட்டால் அதன் மதிப்பு போய்விடும். அப்படி நாசமான பெட்டிகள் என் மேசைக்கே வந்திருக்கின்றன. செம்புப் பெட்டியைப் பழக்க, அதாவது சுருட்டு வைக்குமுன் உள்சுவருக்கு ஈரம் ஏற்ற, வேண்டியதில்லை, ஏனெனில் செம்பு ஈரம் குடிக்காது. அதனாலேயே நீர் சற்றுக் கூடினாலும் சுவரில் முத்து முத்தாகத் துளிர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். ஈரமூட்டியில் பாதி அளவே நீர் விடுங்கள். சுருட்டு தகட்டைத் தொடாமல் மெல்லிய மரத்தட்டின் மேல் வையுங்கள்.

உங்கள் பெட்டி மரம்தான், மூடியும் ஒழுங்காக இறங்குகிறது என்றால், குறை பழக்காததில் இருக்கிறது. காய்ந்த பலகை உங்கள் சுருட்டின் ஈரத்தையே குடித்துக்கொண்டிருக்கிறது. ஈரத்துணியால் துடைக்காதீர்கள், பலகை நெளியும். 84 சதவீதம் என்று அச்சிட்ட, உள்காற்றை அந்த ஈரப்பதத்தில் நிறுத்தும் ஈரப்பதப் பைகளைக் காலிப் பெட்டியில் இரண்டு வாரம் வைத்து மூடிவிடுங்கள். பிறகு 69 சதவீதப் பைக்கு மாறி, சோதித்துத் தேறிய ஈரமானி மூன்று நாள் அசையாமல் நின்றால் சுருட்டுகளை அடுக்கலாம். மொத்தச் செலவு 280 பவுண்டில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாது.