டெராஃப்ளாப்ஸ் பார்த்து கன்சோல் வாங்கலாமா?

கேள்வி: எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸில் 12 டெராஃப்ளாப்ஸ், பிளேஸ்டேஷன் 5-இல் 10.28. அப்படியானால் எக்ஸ்பாக்ஸ்தானே வாங்க வேண்டும்? என் தம்பியோ, "எந்த டெவலப்பரும் கன்சோலின் முழு பலத்தை இன்னும் தொடவில்லை. கிராஃபிக்ஸ் போகப்போகத்தான் மெருகேறும், பொறுத்து வாங்கு" என்கிறான். எதை நம்புவது?

பதில்: இரண்டையுமே நம்பிப் பணம் போடாதீர்கள்.

டெராஃப்ளாப்ஸ் என்பது கிராஃபிக்ஸ் சிப் நொடிக்கு எத்தனை லட்சம் கோடி கணக்குப் போடும் என்று சொல்லும் எண். அது வெறும் பெருக்கல் கணக்கு. சிப்பில் எத்தனை யூனிட், ஒவ்வொன்றும் ஒரு துடிப்பில் எத்தனை கணக்குப் போடும், அவை என்ன வேகத்தில் ஓடுகின்றன என்பதைப் பெருக்கினால் வரும் உச்சவரம்பு. சீரிஸ் எக்ஸில் 52 யூனிட், 1.825 கிகாஹெர்ட்ஸ். பிளேஸ்டேஷன் 5-இல் 36 யூனிட்தான், ஆனால் 2.23 கிகாஹெர்ட்ஸ் வரை ஓடும். 52 யூனிட்டுக்கும் ஒரு கணம் ஓயாமல் வேலை கொடுத்தால்தான் அந்த 12 வரும். எந்த கேமும் அப்படி ஓடுவதில்லை. வேகம் கூடினால் சிப்பின் மற்ற பகுதிகளும் சேர்ந்து வேகமெடுக்கும். அது இந்த எண்ணில் தெரியாது. அதனால்தான் பல கேம்கள் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கின்றன.

உங்கள் தம்பி சொல்வது ஒரு காலத்தில் முழு உண்மை. 2006-இல் வந்த பிளேஸ்டேஷன் 3-இல் இருந்த, 'செல்' என்ற வழக்கத்துக்கு மாறான பிராசசரைப் பழக்கத்துக்குக் கொண்டுவரவே டெவலப்பர்களுக்குச் சில வருடங்கள் பிடித்தன. 2010-இல் வந்த காட் ஆஃப் வார் 3-ஐப் பாருங்கள். பொருட்களின் விளிம்பில் படிக்கட்டு மாதிரித் தெரியும் பிசிறை நீக்குவது வழக்கமாக கிராஃபிக்ஸ் சிப்பின் வேலை. அந்தக் குழு அதைச் செல் பிராசசரின் துணை கோர்களிடம் ஒப்படைத்தது. கிராஃபிக்ஸ் சிப்பின் சுமை குறைந்தது, விளிம்புகளும் சுத்தமாக வந்தன. அதே காலத்தில் எக்ஸ்பாக்ஸ் 360-க்கும் சேர்த்துச் செய்யப்பட்ட பல கேம்கள் பிளேஸ்டேஷன் 3-இல் தடுமாறின. இதற்காக டெவலப்பர்களைச் சோம்பேறிகள் என்று திட்டுவது அநியாயம். ஒரே ஒரு கன்சோலுக்காக புரோகிராமை அடியோடு மாற்றி எழுத நேரமும் பணமும் எல்லாக் குழுவுக்கும் கிடைக்காது.

இன்று நிலைமை வேறு. இரண்டு கன்சோலிலும் இருப்பது ஏஎம்டி நிறுவனத்தின் பிசி பாணி சிப். டெவலப்பர்களுக்கு முதல் நாளிலிருந்தே அது கைவந்த சங்கதி. பதுங்கிக் கிடக்கும் பலம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. கட்டிப்போடுவது வேறு விஷயங்கள். 2022-இல் வந்த ஹொரைசன் ஃபர்பிடன் வெஸ்ட் பிளேஸ்டேஷன் 4-லும் ஓட வேண்டியிருந்தது. பால்டர்ஸ் கேட் 3 எக்ஸ்பாக்ஸுக்குத் தாமதமாக வந்ததற்கு, 10 ஜிபி மெமரி மட்டுமே உள்ள அதன் மலிவு மாடலான சீரிஸ் எஸ்ஸில் இருவர் திரையைப் பிரித்து ஆடும் வசதியை அப்போது கொண்டுவர முடியாததுதான் காரணம். கடைசியில் சீரிஸ் எஸ்ஸில் அந்த வசதி இல்லாமலேயே வெளியிட்டார்கள்.

ஆகவே நீங்கள் ஆடப்போகும் நாலைந்து கேம்களை முதலில் முடிவு செய்யுங்கள். டிரெய்லரை விட்டுவிட்டு, அந்தந்த கன்சோலில் பதிவான ஆட்டக் காட்சியைப் பாருங்கள். நொடிக்கு 60 ஃப்ரேம் தரும் பெர்ஃபார்மன்ஸ் மோடில், கேமரா திரும்பும்போது இலைகள், தலைமுடி, கம்பிவேலி மூன்றையும் கவனியுங்கள். குறைந்த ரெசல்யூஷனில் வரைந்து பெரிதாக்கியிருந்தால் அங்கேதான் மினுமினுத்துக் காட்டிக்கொடுக்கும். உங்களுக்குப் பிடித்த கேம் ஒரு கன்சோலில் மட்டும்தான் வருகிறது என்றால் இந்த ஒப்பீடே தேவையில்லை, அதை வாங்குங்கள்.

கேள்வி: என்னிடம் பிளேஸ்டேஷன் 5 இருக்கிறது. ப்ரோவுக்கு மாறலாமா?

பதில்: 2024 நவம்பரில் வந்த ப்ரோவில் கிராஃபிக்ஸ் யூனிட்டுகள் 67 சதவீதம் அதிகம். ஆனால் அந்தப் பலன் முழுதாகக் கிடைப்பது ப்ரோவுக்கென அப்டேட் கொடுத்த கேம்களில்தான். உங்கள் கேம்களுக்கு அது வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். இன்னொன்று: ப்ரோவில் டிஸ்க் டிரைவ் கிடையாது, தனியாக வாங்க வேண்டும். டிஸ்க்காகச் சேர்த்து வைத்திருந்தால் அந்தச் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.