தோட்டத்துக்கு வரும் வீடியோ டாக்டர்: காசு யார் கொடுப்பது?

இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில், இரண்டு வருடமாக ஒரு தாதியை லயம் லயமாக (தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளுக்கு) அனுப்பி, அவர் கையிலுள்ள டெப் கணினி வழியாக நோயாளிகளைக் கொழும்பு டாக்டரோடு பேச வைக்கிறோம். இதே வேலையைத் தொடங்க நினைப்பவர்கள் கேட்டவற்றுக்குப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி (மஸ்கெலியா): அக்கா, அரசாங்க ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம். நம்மிடம் யார் காசு கொடுத்துப் பார்ப்பார்கள்?

பதில்: தம்பி, ஆஸ்பத்திரியில் மருந்து சும்மா கிடைக்கும், ஆனால் அன்றைய பேர், அதாவது அன்றைய நாள் வேலைக்கான சம்பளம், போய்விடும். 2024இல் நிர்ணயித்த நாட்சம்பளமே 1,350 ரூபாயாக இருந்தது. அதோடு பஸ் காசு, துணைக்குப் போகும் மகளின் பேர். அந்த ஒரு நாளை மிச்சப்படுத்திக் கொடுப்பதற்குத்தான் நாம் விலை வைக்க முடியும்.

ஆரம்பத்தில் ஒவ்வொரு முறைக்கும் காசு வாங்கினேன். அது பிழை. சம்பளம் 10ஆம் திகதி. மாதக் கடைசியில் கால் வீங்கிய ஒரு அம்மா, சம்பளம் வரட்டும் என்று இரண்டு கிழமை பொறுத்திருந்தார். அதைக் கேட்டதும் அந்த முறையை விட்டேன். இப்போது குடும்பத்துக்கு மாதம் 300 ரூபாய். பெரும்பாலும் கொழும்பில் கடைகளில் நிற்கும் பிள்ளைகள் ஈசி கேஷில் (போன் வழியாகப் பணம் அனுப்பும் சேவை) அனுப்புகிறார்கள். தாதி சம்பளம், டாக்டரின் நேரம், பெட்ரோல், டேட்டா எல்லாம் சேர்த்து மாதம் ஒன்றரை லட்சம் என்று வையுங்கள். 500 குடும்பம் வேண்டும். ஒரு தோட்டம் போதாது, பக்கத்துத் தோட்டங்களும் சேர வேண்டும்.

கேள்வி (ஹட்டன்): தோட்ட நிர்வாகத்திடமே பணம் கேட்டால் என்ன?

பதில்: கேளுங்கள். ஆள் வேலைக்கு வந்தால் அவர்களுக்கும் லாபம்தானே. ஆனால் யாருக்கு சீனி வியாதி, யாருக்கு பிரஷர் என்ற விபரம் ஆபீசுக்குப் போகாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலை விசேடமாகக் காக்கச் சொல்கிறது. ஒரு பெயர் வெளியே போனாலும் அடுத்த முறை யாரும் கையை நீட்ட மாட்டார்கள்.

கேள்வி (வெலிமடை): வேன் வாங்கலாமா?

பதில்: இப்போது வேண்டாம். மோட்டார் சைக்கிளும் ஒரு பையும் போதும்.

கேள்வி (நானுஓயா): சிக்னல் இல்லாத இடத்தில்?

பதில்: எங்கள் ஒரு லயத்தில் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் மட்டும்தான் சிக்னல். பாட்டி குடத்தை இறக்கி வைத்து, ஈரக்கையை முந்தானையில் துடைத்துவிட்டு நீட்டுவார். தாதி அங்கேயே பிரஷர் பார்ப்பார். படம் நின்றுவிட்டால் அளவுகளை எழுதி அனுப்பிவிட்டு, சாதாரண அழைப்பில் பேசுவோம். டாக்டர் தமிழ் பேச வேண்டும், அதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். தன் வலியைத் தன் பாஷையில் சொல்ல முடிகிறது என்பதற்காகவே சேர்ந்தவர்கள் நிறையப் பேர்.

கேள்வி (பண்டாரவளை): நெஞ்சுவலி என்று கூப்பிட்டால்?

பதில்: வீடியோவைத் திறக்கவே வேண்டாம். உடனே 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், அது இலவசம். வண்டி வரும்வரை தாதி பக்கத்திலேயே இருக்கட்டும். அதற்கு ஒரு சதமும் வாங்காதீர்கள்.