கணிதக் கேள்வி பதில்: 1000009 முதன்மை எண்ணா?

ஹட்டன் வாசகர் (தரம் 11): 1000009 ஐ 2 முதல் 97 வரையுள்ள எல்லா முதன்மை எண்களாலும் வகுத்துப் பார்த்தேன். எதிலும் மீதியின்றிப் போகவில்லை. ஆனால் ரியூஷன் வகுப்பில் இது முதன்மை எண் இல்லை என்கிறார்கள். எங்கே பிழைத்தது?

பதில்: வகுத்ததில் பிழையில்லை, நிறுத்திய இடம்தான் பிழை. ஓர் எண் இரண்டு காரணிகளாகப் பிரிந்தால் சிறிய காரணி அந்த எண்ணின் வர்க்கமூலத்தைத் தாண்டாது. 1000009 இன் வர்க்கமூலம் 1000 இற்குச் சற்றே மேல். எனவே 1000 வரை போக வேண்டும். அதற்குள் 168 முதன்மை எண்கள் உண்டு.

பயப்பட வேண்டாம், பாதிக்கு மேல் தொடவே தேவையில்லை. 1000009 = 1000² + 3². பொதுக் காரணி இல்லாத இரண்டு எண்களின் வர்க்கங்களைக் கூட்டி வரும் எண்ணை, 4 ஆல் வகுக்கும்போது மீதி 3 தரும் எந்த முதன்மை எண்ணும் வகுக்காது. 3, 7, 11, 19, 23 எல்லாம் கழிந்துவிட்டன. எண் ஒற்றை என்பதால் 2 உம் இல்லை. 5, 13, 17, 29 என மீதி 1 தருபவை மட்டும் மிஞ்சும், அவை 80. வரிசையாகப் போனால் 29 ஆவது வகுத்தலில் 293 அகப்படும். 293 × 3400 = 996200. மிச்சம் 3809, அது 293 × 13. ஆக 1000009 = 293 × 3413.

வகுக்காமலே பிடிக்கக் கணிதவியலாளர் ஆய்லர் ஒரு வழி தந்திருக்கிறார். (அவரே முதலில் இந்த எண்ணை முதன்மை எண் பட்டியலில் சேர்த்து, பிறகு திருத்தினார்.) இதே எண் 972² + 235² ஆகவும் வரும்: 944784 + 55225. முதன்மை எண் எதையும் இப்படி இரண்டு விதமாக எழுத முடியாது; அந்த இடத்திலேயே விடை தெரிந்துவிடும். காரணியும் வேண்டுமென்றால் இரட்டை எண்களைச் சோடி சேருங்கள்: 1000 − 972 = 28, 1000 + 972 = 1972. ஒற்றை எண்களையும் அப்படியே: 235 − 3 = 232, 235 + 3 = 238. வித்தியாசங்களான 28, 232 இன் பொதுக் காரணிகளுள் பெரியது (பொ.கா.பெ.) 4. கூட்டுத்தொகைகளான 1972, 238 இன் பொ.கா.பெ. 34. இரண்டையும் பாதியாக்கி வர்க்கித்துக் கூட்டினால் 2² + 17² = 293. கொப்பியில் பலருக்குப் பிசகுவது சோடி சேர்ப்பதில்தான். 1000 உடன் 235 ஐச் சேர்த்தால் வித்தியாசம் ஒற்றை எண்ணாகிவிடும், பொ.கா.பெ. ஐப் பாதியாக்க முடியாது.

பண்டாரவளை வாசகர்: 720720 இன் காரணிகளைப் பட்டியல் போட்டு எண்ணினால் ஒவ்வொரு தடவையும் வேறு விடை வருகிறது. சரியான எண்ணிக்கை என்ன?

பதில்: 240. பட்டியல் வேண்டாம். 720720 = 720 × 1001 = 2⁴ × 3² × 5 × 7 × 11 × 13. ஒவ்வோர் அடுக்குடனும் 1 கூட்டிப் பெருக்குங்கள்: 5 × 3 × 2 × 2 × 2 × 2. ஏன் 1 கூட்டுகிறோம்? 2 ஐ நான்கு தடவை வரை எடுக்கலாம், எடுக்காமலும் விடலாம். ஆகவே தெரிவுகள் ஐந்து. இதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இத்தனை காரணிகள் இல்லை. இத்தகைய எண்களைத்தான் இராமானுஜன் 1915 இல் வெளிவந்த தம் நீண்ட கட்டுரையில் ஆராய்ந்தார். 1 முதல் 16 வரை எல்லாவற்றாலும் மீதியின்றி வகுபடும் மிகச் சிறிய எண்ணும் இதுதான். 17 ஆல் வகுத்தால் மீதி 5.