ஜப்பானிலிருந்து பழைய டிஎஸ் வாங்கி வரச் சொல்லலாமா?

கேள்வி: ஜப்பானில் வேலை பார்க்கும் தம்பி அடுத்த மாதம் ஊருக்கு வருகிறான். அங்கே நின்டெண்டோ நிறுவனத்தின் பழைய கையடக்க கேம் கருவிகள் மலிவாம். 9 வயது மகளுக்கு இரட்டைத் திரை டிஎஸ் லைட் வாங்கி வரச் சொல்லவா, அதற்குப் பின் வந்த, முப்பரிமாணப் படம் காட்டும் 3டிஎஸ்ஸா? அவளுக்கு ஆங்கிலம் தெரியும், ஜப்பான் மொழி தெரியாது.

பதில்: அந்தக் கடைசி வரியை வைத்தே முடிவு செய்துவிடலாம். ஜப்பானில் விற்ற 3டிஎஸ்ஸில் மெனு முழுக்க ஜப்பானிய மொழிதான். அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ வாங்கிய 3டிஎஸ் கேம் அதில் ஓடவே ஓடாது. டிஎஸ் லைட்டில் இந்தத் தொல்லை கிடையாது. செட்டிங்ஸில் ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொள்ளலாம், அமெரிக்க, ஐரோப்பிய டிஎஸ் கார்ட்ரிட்ஜும் (கேம் பதிந்த சிறு அட்டை) ஓடும். அடியில் உள்ள இன்னொரு ஸ்லாட்டில் கேம்பாய் அட்வான்ஸ் என்ற முந்தைய நின்டெண்டோ கருவியின் கேம்களையும் போடலாம். 3டிஎஸ்ஸில் அந்த ஸ்லாட் இல்லை. ஆகவே ஜப்பான் என்றால் டிஎஸ் லைட்தான்.

வசதிகளைப் பார்த்தால் 3டிஎஸ் ஒரு படி மேல்தான். ஆனால் 2023 மார்ச்சில் கேம்களை டவுன்லோடாக விற்ற அதன் இ-ஷாப்பை மூடிவிட்டார்கள், 2024 ஏப்ரலில் ஆன்லைன் ஆட்டமும் நின்றுபோனது. இனி கார்ட்ரிட்ஜை நம்பித்தான் அதை வாங்க வேண்டும். அதற்கும் நாட்டுப் பூட்டு! டிஎஸ் லைட்டின் ஆன்லைன் 2014-லேயே போய்விட்டது. பக்கத்தில் இருவர் உட்கார்ந்து வயர்லெஸ்ஸில் விளையாடுவதற்குத் தடையில்லை.

கடையில் தம்பி பார்க்க வேண்டியவை: மேல்திரைக்குப் போகும் வயர் கீல் வழியாகத்தான் செல்கிறது. கேம் ஓடும்போது மூடியை மெதுவாக முன்னும் பின்னும் அசைக்கட்டும். படம் துடித்தால் வைத்துவிட்டு வரலாம். கீலின் வலது முனையில் விரிசல் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள், டிஎஸ் லைட் அதற்குப் பேர்போனது. அப்புறம் செட்டிங்ஸில் தொடுதிரையைச் சரிபார்க்கும் பகுதியைத் திறந்து, காட்டும் புள்ளிகளை ஸ்டைலஸால் (தொடுதிரைக்கான குச்சிப் பேனா) அழுத்தட்டும். ஒரு மூலை தள்ளிப் பதிந்தாலும் வேண்டாம்.

சார்ஜரில் எத்தனை வோல்ட் என்று அச்சிட்டிருக்கும். 100 மட்டும் போட்டிருந்தால் நம் 230 வோல்ட்டில் செருகிவிடாதீர்கள். சார்ஜ் செய்யும் யுஎஸ்பி கேபிள் தனியாகக் கிடைக்கிறது, டிஎஸ் லைட்டின் சார்ஜ் துளைக்குப் பொருந்துவதாகப் பார்த்து வாங்குங்கள். 3டிஎஸ்ஸின் துளை வேறு.

கேள்வி: செகண்ட் ஹேண்டில் வாங்கிய டிஎஸ்ஸில் மேல்திரை தொட்டால் அசையவே இல்லை. ஏமாந்துவிட்டேனா?

பதில்: இல்லை. டிஎஸ், 3டிஎஸ் எல்லாவற்றிலும் தொடுதிரை கீழே மட்டும்தான். அதுவும் அழுத்தத்தை உணரும் வகை. செல்போனைத் தடவுவதுபோல் தடவினால் சரியாக வேலை செய்யாது, ஸ்டைலஸால் லேசாக அழுத்த வேண்டும்.

கேள்வி: 5 வயதுப் பையன் 3டிஎஸ்ஸில் முப்பரிமாணப் படம் பார்க்கலாமா?

பதில்: 6 வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைகளுக்கு அது வேண்டாம் என்று நின்டெண்டோவே எச்சரித்திருக்கிறது. பக்கவாட்டு ஸ்லைடரைக் கீழே இறக்கினால் சாதாரணப் படமாகிவிடும். ஆனால் பையன் அதை ஏற்றிவிடுவான். பெற்றோர் கட்டுப்பாட்டில் பின் எண் போட்டு 3டி-யைப் பூட்டிவையுங்கள். இன்னும் வாங்கவில்லை என்றால் 2டிஎஸ் பாருங்கள். அதே கேம்கள் ஓடும், முப்பரிமாணமே கிடையாது.