யூத வீட்டில் முதியோர் பராமரிப்பு: கேள்வி-பதில்

இஸ்ரேலில் முதியோரைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கும் வாசகர்கள் கேட்டவை.

கே: வெள்ளிக்கிழமை ராத்திரி அம்மாவுக்கு நெஞ்சுவலி. "ஷபாத், போனைத் தொடாதே" என்று தடுத்துவிட்டார் (ஷபாத் என்பது வெள்ளி மாலை முதல் சனி இரவு வரை, யூதர்கள் மின்சாதனங்களை இயக்காத ஓய்வு நாள்). மறுபடி வந்தால்?

ப: உடனே 101-ஐ (இஸ்ரேலின் ஆம்புலன்ஸ் எண்) அழையுங்கள். உயிருக்கு ஆபத்தோ என்ற சந்தேகம் வந்தாலே ஷபாத் விதிகள் விலகிவிடும். அப்போது உதவிக்கு அழைப்பதுதான் யூதச் சட்டப்படி கடமை. இதற்குப் பெயர் 'பிக்குவாக் நெஃபெஷ்'. தடுத்தால் அந்தச் சொல்லைச் சொல்லுங்கள். ரபியை (யூத மதகுருவை) கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

மற்றபடி ஷபாத்தில் அஞ்ச வேண்டியவை இருட்டும் வெந்நீரும். விளக்கு அணைந்திருந்தால் சுவிட்சைத் தொடாமல் இருட்டிலேயே கழிப்பறைக்கு நடந்து விழுந்துவிடுவார்கள். சூரியன் மறைய 18 நிமிடம் முன்பே (ஜெருசலேமில் 40) விளக்கேற்றிவிடுவார்கள். அதற்குள் கழிப்பறை விளக்கு, நடைவழி விளக்கு, காது கேட்கும் கருவி எல்லாவற்றையும் போட்டுவிடுங்கள். வெந்நீர்ப் பாத்திரம் சுமார் 25 மணி நேரம் சூடாகவே இருக்கும். கை நடுங்குபவரைத் தானே ஊற்றிக்கொள்ள விடாதீர்கள்.

கே: தயிர்க் கரண்டியைக் கொதிக்கும் கோழிக் குழம்பில் போட்டுவிட்டேன். கழுவி வைத்துவிடலாமா?

ப: வேண்டாம். யூத உணவு விதிப்படி பாலும் இறைச்சியும் கலக்கக் கூடாது. கரண்டியைத் தனியே எடுத்துவைத்து வீட்டாரிடம் சொல்லுங்கள். குழம்பையும் கொட்டாதீர்கள். குழம்பு எவ்வளவு சூடாக இருந்தது, கரண்டி கடந்த 24 மணி நேரத்தில் சூடான பால் பண்டத்தில் பட்டதா என்று ரபி கேட்பார். மறைத்தால்தான் நம்பிக்கை போகும்.

கே: ஐயாவுக்குச் சர்க்கரை நோய், இன்சுலின் போடுகிறோம். யோம் கிப்பூர் (உண்ணாமலும் குடிக்காமலும் இருக்கும் யூதரின் பாவமன்னிப்பு நாள்) நோன்பு இருந்தே தீருவேன் என்கிறார்.

ப: நோன்புக்குச் சில வாரம் முன்பே மருத்துவரையும் ரபியையும் பார்க்க வேண்டிய விஷயம் இது. அன்று காலையில் பேசிப் பயனில்லை. இன்சுலினையும் மாத்திரையையும் நீங்களாக நிறுத்தவோ குறைக்கவோ கூடாது. சாப்பாடு நின்று மருந்து மட்டும் உள்ளே போனால் சர்க்கரை சரியும். சிறுநீர் மாத்திரை எடுப்பவர்களுக்கு நீர் வற்றி, எழும்போது தலைசுற்றும்.

நோயாளிகளுக்கு ரபிகள் வழக்கமாகக் காட்டும் வழி ஒன்று உண்டு. ஒரு முறைக்கு 30 மி.லி. கொள்ளளவுக்குக் குறைவான உணவு அல்லது சுமார் 40 மி.லி.க்குக் குறைவான பானம், பிறகு 9 நிமிட இடைவெளி. குறைவாகத் தோன்றினாலும் 35 மி.லி. வீதம் மணிக்கு ஆறு முறை குடித்தால் 200 மி.லி.யைத் தாண்டும். முந்தைய நாளே மருந்துக் குவளையில் கோடு போட்டு வையுங்கள். சரியான அளவை அவருடைய ரபியே சொல்லட்டும்.

ரத்தச் சர்க்கரை 70 மி.கி./டெ.லி.க்குக் கீழே போனால் இந்தக் கணக்கெல்லாம் கிடையாது. 15 கிராம் சர்க்கரையை (3 தேக்கரண்டி) நீரில் கரைத்து உடனே கொடுங்கள், 15 நிமிடம் கழித்து மறுபடி சோதியுங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதுவும் ஊற்றாமல் 101-ஐ அழையுங்கள்.

கே: பெசாக் (யூதரின் பாஸ்கா பண்டிகை) வாரத்தில் மட்சா (புளிக்காத உலர்ந்த ரொட்டி) மெல்ல முடியவில்லை, மலச்சிக்கலும் வருகிறது.

ப: தண்ணீரில் நனைத்துக் கொடுக்கலாம், சில குடும்பங்கள் நனைத்து உண்பதில்லை, முதலில் கேளுங்கள். உலர்ந்த துண்டு தொண்டையில் அடைக்கும், விழுங்கச் சிரமப்படுபவருக்குத் தரவே வேண்டாம். மலச்சிக்கலுக்கு உலர்ந்த பிளம்ஸ், வேகவைத்த காய், தண்ணீர்.

கே: பாட்டி நாஜி வதைமுகாமில் இருந்து தப்பியவர். மறதி நோய் வந்தபின் ஷவரைக் கண்டாலே அலறுகிறார்.

ப: அந்த அச்சத்துக்கு உண்மையான காரணம் இருக்கிறது, வாதாடாதீர்கள். முகாம்களில் ஷவர் என்று சொல்லித்தான் நச்சுவாயு அறைக்குள் அனுப்பினார்கள். மேலிருந்து கொட்டும் தண்ணீரை அடியோடு விட்டுவிடுங்கள். நாற்காலியில் உட்கார வைத்து, கைக்குழாயை அவர் கையிலேயே கொடுத்து, பாதத்தில் தொடங்குங்கள். கதவு திறந்திருக்கட்டும். அடுத்து என்ன செய்யப்போகிறீர்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். முகாமில் பட்டினி கிடந்த நினைவில் தலையணைக்கடியில் ரொட்டியை ஒளித்தால் திட்டாதீர்கள், அவர் கண்ணெதிரே எடுக்கவும் வேண்டாம். பழையதை எடுத்து அதே இடத்தில் புதிய துண்டை வையுங்கள். குளியல் வாரம் இருமுறை போதும், மற்ற நாட்களில் முகம், அக்குள், தொடை இடுக்கு ஆகியவற்றை வெந்நீர்த் துணியால் துடைத்து, ஈரம் போக ஒற்றிவிடுங்கள்.