ஆண் வாரிசும் 2531-ஆம் ஆண்டும்

கேள்வி: எங்கள் குடும்பப் பெயர் பெருமைக்குரியது. ஆண் வாரிசுகள் குறைந்துவிட்டதால், அதைத் தாங்குகிறவர்கள் அருகிக்கொண்டே வருகிறார்கள். சில பெயர்கள் மட்டும் கோடிக்கணக்கில் பெருகுவது எப்படி? எங்கள் பெயர் அழிந்துவிடுமா?

பதில்: 'ஆண் வாரிசு' என்று எழுதாமல் இருந்திருந்தால் இரண்டே வரியில் முடித்திருப்பேன். எழுதிவிட்டீர்கள், அனுபவியுங்கள்.

உங்கள் கவலை 19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துப் பிரபுக்களுக்கும் இருந்தது. பெரிய பரம்பரைப் பெயர்கள் ஒவ்வொன்றாக மறைகின்றனவே, சுகபோகத்தில் வம்சத்துக்கே வீரியம் குறைந்துவிட்டதோ என்று பேசிக்கொண்டார்கள். வெறும் தற்செயலாகவும் இருக்கலாமே என்று யோசித்த ஆங்கிலேய அறிஞர் பிரான்சிஸ் கால்டன், 1873-இல் 'எஜுகேஷனல் டைம்ஸ்' பத்திரிகையின் கணக்குப் பகுதிக்கு இதையே ஒரு கேள்வியாக அனுப்பினார். (கேள்வி-பதில் பக்கத்தைக் கிள்ளுக்கீரையாக நினைக்கும் என் சக ஆசிரியர்கள் கவனிக்கவும்.) விடை கண்டவர் ஹென்றி வாட்சன் என்ற பாதிரியார். மகனே பிறக்காமல் போக இவ்வளவு வாய்ப்பு, ஒரு மகன் பிறக்க இவ்வளவு, இரண்டு பிறக்க இவ்வளவு என்று வைத்துக்கொண்டு தலைமுறை தலைமுறையாகக் கணக்குப் போட்டார். 1874-இல் வெளியான முடிவு: எல்லாப் பெயரும் ஒருநாள் அழிந்தே தீரும்! மறுமையைக் கவனிக்க வேண்டியவர் இம்மையில் ஒருவரையும் விட்டுவைக்கவில்லை.

அந்த முடிவு தவறு. அவர் போட்ட சமன்பாட்டுக்கு இன்னொரு விடையும் உண்டு. பாதிரியார் முதல் விடையைக் கண்டதும் பேனாவை மூடிவிட்டார். ஒருவருக்குச் சராசரியாக ஒரு மகனுக்கு மேல் இருந்தால் பெயர் தப்பிப்பிழைக்க வாய்ப்பு உண்டு. பியனைமே என்ற பிரெஞ்சுக்காரர் 1845-இலேயே இதைச் சரியாகச் சொல்லியிருந்தார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கால்டனுக்குக் குழந்தைகளே கிடையாது என்பது உபரித் தகவல்.

ஆனால் எனக்கு எரிச்சல் மூட்டுவது அந்தச் சமன்பாடு அல்ல. இந்தக் கணக்கில் மகள்களுக்கு மதிப்பு பூஜ்யம். ஏழு மகள்களும் முப்பது பேரக்குழந்தைகளும் சூழக் கண்ணை மூடியவர், வாட்சனின் தாளில் வாரிசில்லாமல் செத்தவர்!

சரி, பெருகுவது எப்படி? கொரியாவில் ஐந்தில் ஒருவர் கிம். கிம் வம்சத்து ஆண்கள் அப்படியொரு சாதனை படைத்தார்கள் என்று எண்ணிவிடாதீர்கள். கொரியாவை முன்பு ஆண்ட சோசன் அரச வம்சத்தின் ஆட்சியில் எளிய மக்கள் பலருக்குக் குடும்பப் பெயரே இருக்கவில்லை. அதன் பிற்காலத்தில் கையில் காசு சேர்ந்தவர்கள் உயர்குடியினரின் வம்சாவளி ஏட்டில் இடம் வாங்கிக்கொண்டார்கள். பெயர் இல்லாமல் எஞ்சியவர்களும் பதிவு கட்டாயமானபோது பெரிய இடத்துப் பெயராகப் பார்த்து எடுத்துக்கொண்டார்கள். பெருமைக்குரிய பெயர் என்பதால்தான் அது இத்தனை மலிந்தது. பல தலைமுறை வம்சாவளியை அனுப்பி அச்சிடச் சொல்லும் அன்பர்களுக்கு இந்தப் பத்தி சமர்ப்பணம்.

பிலிப்பைன்ஸில் இன்னும் எளிது. 1849-இல் அந்நாட்டை ஆண்ட ஸ்பானிய கவர்னர் கிளவேரியா ஒரு பெயர்ப் பட்டியலை அச்சடித்து அனுப்பி, குடும்பத்துக்கு ஒரு பெயர் என்று பிரித்துக் கொடுக்கச் சொன்னார். விளைவு, சில ஊர்களில் குடும்பப் பெயர்கள் எல்லாம் ஒரே எழுத்தில் தொடங்கின. வம்சமாவது, வீரியமாவது; குமாஸ்தா எந்தப் பக்கத்தைப் புரட்டினாரோ அதுதான் பரம்பரை. மறுபக்கம் துருக்கி: 1934-இல் அந்தக் குடியரசை நிறுவிய முஸ்தபா கெமாலுக்கு 'அத்தாதுர்க்' என்ற பெயரைச் சூட்டிய நாடாளுமன்றம், வேறு யாரும் அதை வைத்துக்கொள்ளக் கூடாது என்று தடுத்தது. அவருடைய சொந்தத் தங்கைக்கே வேறு பெயர். நாட்டின் ஆகப் பெருமைக்குரிய பெயர் ஒரே ஒருவரோடு முடிந்தது.

ஜப்பானில் கணவனும் மனைவியும் ஒரே குடும்பப் பெயரை வைத்துக்கொள்ள வேண்டும் என்பது சட்டம். நூற்றுக்குச் சுமார் தொண்ணூற்றைந்து தம்பதியரில் விட்டுக்கொடுப்பது மனைவி. இப்படியே போனால் 2531-இல் ஜப்பானியர் அனைவரும் 'சாத்தோ' ஆகிவிடுவார்கள் என்று தோஹோகு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹிரோஷி யோஷிதா 2024-இல் கணக்கிட்டுச் சொன்னார். தன் பெயருக்கும் சேர்த்தே நாள் குறித்த நேர்மையாளர். இன்றைக்குச் சாத்தோக்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. அந்தச் சட்டத்தைக் குத்திக்காட்டத்தான் அவர் அப்படிச் சொன்னார். இருந்தாலும் நினைத்துப் பாருங்கள். சாத்தோ மீது சாத்தோ வழக்குத் தொடுப்பார். நீதிபதி சாத்தோ, சாட்சி சாத்தோவின் வாக்குமூலத்தை நம்பி, சாத்தோவைச் சிறையில் அடைக்கச் சொல்வார். காவலர் சாத்தோ யார் கையில் விலங்கு பூட்டுவது என்று விழிப்பார். கடைசியில் வக்கீல் சாத்தோ உள்ளே போவார். என் பழைய எதிரிகளான எண்கணித ஜோதிடர்களைத்தான் நினைத்துக்கொள்கிறேன். ஓர் எழுத்தைக் கூட்டினால் மந்திரி, குறைத்தால் கோடீஸ்வரர் என்று இத்தனை காலம் பிழைத்தவர்கள், நாடு முழுவதற்கும் ஒரே எண் என்றால் எங்கே போவார்கள்? தேர்தலில் எல்லோரும் ஜெயிக்க வேண்டும், அல்லது எல்லோருக்கும் டெபாசிட் போக வேண்டும்.

உங்கள் பெயர் அழியுமா என்றீர்கள். மகன்களை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் அழியலாம். ஸ்பெயினில் குழந்தைக்குத் தந்தை வழியில் ஒன்று, தாய் வழியில் ஒன்று என இரண்டு குடும்பப் பெயர்கள். தந்தையின் பெயர்தான் தானாக முதலில் வரும் என்ற நிலையும் 2017-இல் போய்விட்டது. எது முதலில் என்று பெற்றோரே பேசி முடிவெடுக்க வேண்டும். உங்களுக்கு மகள் இருந்தால், தன் பிள்ளைகளுக்கு இந்தப் பெயரை வைப்பாயா என்று கேட்டுப் பாருங்கள். அவளுக்கே அந்தப் பெயர் பிடித்திருக்கிறதா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.